ஊருக்குச் சொல்லாத பிள்ளை

பேசாலை
14 ஒக்ரோபர் 2024

அஞ்சலா,

சுகம் விசாரிக்கிற முதல் வரியை விட்டுவிடுகிறேன். கடிதம் முழுக்க அதைத்தான் கேட்கப்போகிறேன்.

நீ ஆறு மாதமாம். உன் அண்ணா எமில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. நீங்கள் போய்த் தங்கியிருக்கிற மீன்வாடியில் எஞ்சின் திருத்திவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அஞ்சலாவுக்கு இப்ப குனிஞ்சு வலையில மீன் கழட்ட ஏலாது" என்றார். ஏன் ஏலாது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்த மனுசன் சோற்றுக் கோப்பையை விட்டு முகத்தைத் தூக்கவில்லை.

நான் எழுதப் பிந்திவிட்டது. என் மூத்தவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று, "மச்சாள், நீங்கள் அந்த ஸ்கான் படத்தை ஸ்டேட்டஸில போடாமல் விட்டிருக்கலாம்" என்று சொன்னாயே, அன்றைக்குப் பிறகு நமக்குள் பேச்சில்லை. கண்ணூறு என்று மாமி சொன்னது எனக்கு நோகவில்லை. நீ சொன்னது நொந்தது. என் சின்னவள் பிறந்தும் நீ பார்க்க வரவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் மாமிதான் எடுத்தா. "அவள் நல்லா இருக்கிறாள், நீ உன்ர பிள்ளையைப் பார்." அவ்வளவுதான். ஆகவே இதை ஐஸ் லொறி ஓட்டுகிற சிங்கராசா அண்ணையிடம் கொடுக்கிறேன். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கிளினிக்கில் பதிந்தாயா? பிள்ளைத்தாச்சிக் காட் இருக்கிறதா? பிறஷர் ஒரு தரமாவது பார்த்தார்களா? சின்னவளுக்கு ஊசி போடப் போனபோது இங்கத்தைய மிட்வைஃப் மிஸ், "உங்கட மச்சாள் கலியாணம் முடிச்சு வருசமாகுது, ஒரு புதினமும் இல்லையோ?" என்று கேட்டா. நான் சிரித்துச் சமாளித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

பதில் எழுது.
ஜெசிக்கா


வாடி, சிலாவத்துறைக்குத் தெற்கே
19 ஒக்ரோபர்

மச்சாள்,

கடிதம் வந்தது. ஐஸ் தண்ணி பட்டு அரைவாசி ஊறிப்போச்சு. ஊறாத அரைவாசியும் ஏச்சுத்தான்.

ஓம், ஆறு மாசம். பதியேல்ல. காட் இல்ல. பேசாலையில பதிஞ்சா மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டரில வீட்ட வருவா. அந்த ஸ்கூட்டர் எங்கட படலையில நிண்டா, கோயில் மணி அடிச்சுச் சொன்ன மாதிரி. உங்களுக்கு நடந்ததுக்குப் பிறகு அம்மா ஒரே பிடி. ஏழு மாசம் முடியட்டும், மடு மாதாட்டப் போய்ச் சொல்லுவம், பிறகுதான் ஊருக்கு எண்டு. வாடைக் காத்துத் தொடங்கும் மட்டும் பெரிய சோட்டிச் சட்டை ஒண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளயே கிடந்தன். பிறகு எல்லாரும் வள்ளத்தோட இஞ்ச வந்திட்டம். இந்த ஓலைக் கொட்டிலுக்கு எந்த மிட்வைஃப் வாறது? அங்கத்தையப் பதிவிலயும் நான் இல்ல, இஞ்சத்தையப் பதிவிலயும் இல்ல. அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி.

என்ர மனுசன் அலெக்ஸின்ர போன் கடலுக்க விழுந்திட்டுது. இப்ப அம்மாவின்ர ஒண்டுதான். அதாலதான் நானும் எழுதுறன்.

ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. நீங்கள் கம்பஸ் படிச்சனீங்கள். ரெண்டாம் மாசமே பதிஞ்சனீங்கள். ஒரு கிளினிக் விடேல்ல. திரிபோஷச் சத்துமா கொண்டுவந்தனீங்கள், ரத்தம் குடுத்தனீங்கள், ஸ்கான் எடுத்தனீங்கள். பிறகு என்ன நடந்தது? நோகப்பண்ணக் கேக்கேல்ல. இது அம்மா கேக்கிற கேள்வி.

வயிறு நல்ல பெரிசு. ஆம்பிளைப் பிள்ளைதான் எண்டு அம்மா முடிவே கட்டியிட்டா. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில உதைக்கிறான். "இவன் ஒரு கையால வலை இழுத்து மற்றக் கையால எஞ்சின் ஓட்டுவான், எனக்கு இனிக் கூலி ஆள் தேவையில்ல" எண்டு அலெக்ஸ் சொல்றார்.

சின்னவளுக்கு ஒரு கொஞ்சல்.
அஞ்சலா


பேசாலை
23 ஒக்ரோபர்

அஞ்சலா,

மாமியின் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நீ வாசித்துக் காட்டினாலும் சரி, கிழித்துக் கடலில் போட்டாலும் சரி.

ஓம், ஒரு கிளினிக்கும் விடவில்லை. எட்டாம் மாதம் ஒருநாள் பிள்ளையின் அசைவு குறைந்ததுபோல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டியூட்டியில் நின்ற மிஸ் வயிற்றில் கை வைத்துப் பார்த்தா. "பிள்ளை நித்திரை. இனிப்பா ஏதும் குடிச்சிட்டுப் படுங்கோ, கிளினிக் நாளுக்கு வாங்கோ" என்று சொன்னா. இதயத்துடிப்பு கேட்கிற கருவி பக்கத்து மேசையில்தான் கிடந்தது. அதை வைத்துப் பாருங்கோ மிஸ் என்று ஒரு சொல் என் வாயில் வரவில்லை. "ஓம் மிஸ், தாங்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பட்டதாரி ரீச்சர், மரியாதை தெரிந்தவள்! கிளினிக் நாளுக்குப் போனபோது கருவியை வைத்தார்கள். கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

சின்னவள் வயிற்றில் இருக்கும்போதும் அப்படி ஒருநாள் வந்தது. போய்க் கதிரையில் இருந்தேன். கருவியை வைக்கும் வரை எழும்ப மாட்டேன் என்றேன். "இவவுக்கு விசரோ" என்று ஒருத்தி சொன்னது கேட்டது. வைத்தார்கள். துடிப்பு விழுந்துகொண்டு போகிறது என்று அன்றே வெட்டி எடுத்தார்கள். இப்போது பக்கத்தில் இருந்து இந்தக் கடிதத்தின் மூலையைச் சப்புகிறாள்.

கிளினிக் காட் எடுத்தால் பிள்ளை தப்பிவிடும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் போகாவிட்டால் நீ யாரோடு சண்டை பிடிப்பாய்?

இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உதைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அது இரண்டு பிள்ளையாக இருந்தால்? இரட்டை என்றால் எல்லாம் வேறு கணக்கு, அஞ்சலா. பிறஷர் ஏறும், முந்திப் பிறக்கும், அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரு ஸ்கான் போதும், தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்துக்கு றுமைஸா என்று ஒரு மிட்வைஃப் மிஸ் இருக்கிறா. என்னோடு படித்தவள் ஒருத்தி அங்கே படிப்பிக்கிறாள். அவளிடம் போன் நம்பர் எடுத்தேன். கீழே எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கிளினிக். மாமிக்குச் சொல்லாமல் போ. பிறகு நான் ஏச்சு வாங்கிக்கொள்கிறேன், எனக்கென்ன புதிதா.

ஜெசிக்கா


வாடி
5 நவம்பர்

மச்சாள்,

போனனான். சந்தோசமோ?

அலெக்ஸை வெருட்டி ஓட்டோ பிடிச்சுப் போனம். அந்த ரோட்டில ஓட்டோவில போனா ஆறாம் மாசத்துப் பிள்ளையும் தானா இறங்கி நடந்து வரும். அங்க போனா றுமைஸா மிஸ் இல்ல. மற்றப் பக்கத்து மிட்வைஃப் மாறிப்போய் ஆள் போடேல்லயாம், அதையும் இவதான் பாக்கிறாவாம், அண்டைக்கு அங்க போயிட்டா. வேற ஒராள் மேசையில இருந்து, "எந்த ஊர்?" எண்டு கேட்டா. பேசாலை எண்டன். "அப்ப பேசாலையில எல்லோ பதியவேணும். அங்கத்தையக் காட்டோட வாங்கோ." காட் இல்ல எண்டன். "ஏழு மாசமாகப்போகுது, காட் இல்லையோ? படிக்கேல்லையோ நீங்கள்?" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னா. வரிசையில நிண்ட பெட்டையள் திரும்பிப் பாத்தாளுகள். நான் வந்திட்டன்.

நீங்கள் சொல்ற மாதிரிக் கதிரையில குந்தியிருக்க எனக்குத் தெரியாது. கதிரையும் இருக்கேல்ல, எல்லாரும் நெருக்கி இருக்கிற நீட்டு வாங்குதான்.

வந்தா அம்மா வாசலில. இரட்டையா இருக்குமோ அம்மா எண்டு கேட்டன். "வாயைக் கழுவடி" எண்டவ. உங்கட பேரைச் சொல்லேல்ல, ஆனா அவவுக்கு விளங்கியிட்டுது. "அவள் தன்ர பிள்ளையைத் திண்டது போதாதோ" எண்டு சொன்னவ. இதை எழுதக்கூடாது எண்டு நினைச்சன். எழுதிப்போட்டன்.

கால் வீங்கி அலெக்ஸின்ர செருப்புத்தான் கொள்ளுது. அது எல்லாருக்கும் வாறதுதானே. அம்மா மடுக்கோயில் மண்ணைத் தண்ணியில கரைச்சுத் தாறா. குடிக்கிறன்.

இனிப் போகேல்ல. என்னைக் கரைச்சல் படுத்தாதேங்கோ.

அஞ்சலா


பேசாலை
9 நவம்பர்

அஞ்சலா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முற்றத்தில் கிடந்த வாளியைக் காலால் உதைத்தேன். கால்தான் நொந்தது.

யாரைக் கோவிப்பது? உன்னைத் துரத்தியவளையா? இரண்டு பேரின் வேலையை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டவர்களையா? மாமியையா? உன் அண்ணாவிடம், போய் அவளை இங்கே கூட்டிக்கொண்டு வாங்கோ என்று கேட்டேன். "அம்மாவை மீறி நான் என்ன செய்யிறது? அவவும் பிள்ளைக்கு நல்லதுதானே நினைக்கிறா" என்றார். எல்லாருமே நல்லதுதான் நினைக்கிறார்கள். நல்லது நினைத்து நினைத்தே ஒருவரும் பிறஷர் பார்க்கவில்லை.

மடு மண்ணைக் குடி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் குடித்தவள்தான். குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. மாதா கோவிக்க மாட்டா.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். வீக்கம் முகத்துக்கு ஏறினால், பனடோலுக்கு அடங்காத தலையிடி வந்தால், கண்ணுக்குள் பூச்சி பறந்தால், கிளினிக் நாள் பார்க்காதே, காட் பார்க்காதே, நேரே ஆஸ்பத்திரி. அசைவையும் பார். ஒரு பக்கம் அசைகிறது என்று மற்றப் பக்கத்தை விட்டுவிடாதே. இரண்டையும் வேறு வேறாகக் கவனி.

இனியும் நீ போகாவிட்டால் றுமைஸா மிஸ்ஸுக்கு நானே போன் எடுத்துச் சொல்லிவிடுவேன்.

ஜெசிக்கா


வாடி
20 நவம்பர்

மச்சாள்,

போன் எடுத்தீங்களெண்டா எங்கட உறவு அண்டையோட முடிஞ்சுது. அம்மா என்னை வைச்சிருக்க மாட்டா. அலெக்ஸும் கடலுக்குப் போயிடுவார், பிள்ளையோட நான் எங்க போறது? ஸ்கூட்டர் இஞ்ச வரக்கூடாது. சொல்லிப்போட்டன்.

தலையிடிதான் விடுதில்ல. மழை இருட்டெல்லோ, லாம்பைப் பாத்துப் பாத்து வந்ததாக்கும். லாம்பைச் சுத்தி மின்மினி மாதிரி ஏதோ பறக்குது.

முந்தநாள் தொட்டு இடப்பக்கம் பேசாமல் கிடக்கு. வலப்பக்கம் நல்லா உதைக்கிறான். பிள்ளை திரும்பிப் படுத்திட்டுது எண்டு அம்மா சொல்றா. உதைக்கிறான்தானே மச்சாள். உதைக்கிறான் எண்டா உயிரோட இருக்கிறான்தானே.

பதில் கெதியா எழுதுங்கோ. போன் மட்டும் எடுக்காதேங்கோ.

அஞ்சலா


பேசாலை
27 நவம்பர்

அஞ்சலா,

வெள்ளத்தால் ஒரு கிழமையாக லொறி ஓடவில்லை. உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. வாசித்து முடிக்க முதலே போன் எடுத்துவிட்டேன்.

றுமைஸா மிஸ்ஸிடம் எல்லாம் சொன்னேன். "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல நீங்கள்?" என்று மட்டும் கேட்டா. வெளிக்கிட்டுவிட்டா. இந்தக் கடிதம் வர முதல் அவ உன்னிடம் வந்திருப்பா. அவ சொல்வதைச் செய். மாமி படலையில் நின்று கத்தினாலும் செய்.

உன் அண்ணா மோட்டார் சைக்கிளில் வருகிறார். இது அவரின் பொக்கற்றில் வருகிறது. அவரை எப்படி வெளிக்கிடப் பண்ணினேன் என்று அவரிடம் கேட்காதே, வெட்கப்படுவார்.

உறவு முடிந்தால் முடியட்டும்.

ஜெசிக்கா


யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி
10 டிசம்பர்

மச்சாள்,

அண்ணா தந்திட்டுப் போன போனுக்கு நீங்கள் எடுக்க எடுக்க நான் எடுக்கேல்ல. உங்கட குரல் கேட்டா ஒண்டும் சொல்ல வராது. அதால எழுதுறன். பக்கத்துக் கட்டில் அக்காட்ட கொப்பித்தாள் வாங்கினனான்.

அண்ணா உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆனா அவர் வாசலில நிண்டவர், அவருக்கு எல்லாம் தெரியாது.

மிஸ் ஸ்கூட்டரை ரோட்டில விட்டிட்டு, முழங்கால் தண்ணிக்குள்ளால நடந்து வந்தவ. அம்மா வாசலை மறிச்சுக்கொண்டு, "இஞ்ச ஒருத்தரும் பிள்ளைத்தாச்சி இல்ல" எண்டவ. நான் உள்ளுக்குள்ள வயித்தைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன்! மிஸ் அம்மாவின்ர கைக்குக் கீழால குனிஞ்சு வந்தவ. பிறஷர் பாத்தவ. திரும்பப் பாத்தவ. "தங்கச்சி, உடுப்பெடுக்கவெல்லாம் நேரமில்ல" எண்டவ. நீங்கள் எழுதினது எல்லாம் மிஸ்ஸின்ர முகத்தில இருந்தது.

அம்புலன்ஸ், மன்னார், அங்க ஊசி, திரும்ப அம்புலன்ஸ், யாழ்ப்பாணம். ஸ்கான் பாத்த டொக்டர் கருவியை வலப்பக்கம் வைச்சார், இடப்பக்கம் வைச்சார், திரும்ப இடப்பக்கமே வைச்சார். பிறகு திரையை மற்றப் பக்கம் திருப்பினார். அப்பவே விளங்கியிட்டுது.

ரெண்டு பிள்ளை மச்சாள். வலப்பக்கம் கிடந்தது பெட்டை. இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறாள், ஒரு விளைமீன் அளவு. இடப்பக்கத்தான் ஆம்பிளைப் பிள்ளை. அம்மா சொன்னது சரிதான்.

ரெண்டு எண்டு முதலே தெரிஞ்சிருந்தா கிழமைக்குக் கிழமை பாத்திருப்பம், அவனுக்குக் கஷ்டம் தொடங்கேக்குள்ளயே எடுத்திருப்பம் எண்டு டொக்டர் சொன்னவர். ஏசேல்ல. ஏசியிருந்தா நல்லாயிருக்கும்.

இப்ப ஒண்டு கேக்கிறன். நீங்கள் ஏன் ஒக்ரோபரிலயே போன் எடுக்கேல்ல? நான் வேண்டாமெண்டு சொன்னா? நான் ஆர், எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும்தானே! ரெண்டா இருக்கும் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள். தெரிஞ்சுகொண்டு கடிதம் எழுதிக்கொண்டு இருந்தனீங்கள். ஐஸ் லொறியில!

எனக்கு அம்மாவிலயும் கோவம், அந்த மேசைக்காரியிலயும் கோவம், எல்லாரையும் விட உங்களில கோவம். அது சரியில்ல எண்டு தெரியும். இருந்தாலும்தான்.

அஞ்சலா


பேசாலை
14 டிசம்பர்

அஞ்சலா,

சரியில்லை என்று ஏன் எழுதினாய்? சரிதான். உறவு கெட்டுவிடும் என்று பயந்தேன். ஏற்கெனவே கெட்டுக் கிடந்த உறவு கெட்டுவிடும் என்று!

நீ கேட்காவிட்டாலும் இதை உனக்குச் சொல்லியாக வேண்டும். உன் மகனை அண்ணா கொண்டுவந்தார். எங்கள் சேமக்காலையில், என் மூத்தவனுக்குப் பக்கத்தில் வைத்தோம். சாமி வந்து செபம் சொன்னார். அலெக்ஸ் மண் போட்டார். மாமி மதிலுக்கு வெளியே நின்றா, உள்ளே வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன். உதறவில்லை.

ஆனால் வரும் வழியில் ஆட்கள் கேட்டபோது, "அஞ்சலாவுக்குப் பெட்டைப் பிள்ளை. குறைமாசம், மாதா காப்பாத்தியிட்டா" என்று சொன்னா. ஒன்று என்றுதான் சொன்னா. வீட்டுக்கு வந்து என்னிடம், "மற்றதை ஊருக்குச் சொல்லவேண்டாம். அவளுக்கு இன்னும் பிள்ளை பிறக்கக் கிடக்கு. நீ வாயைத் திறக்காத" என்றா. கத்திச் சொல்லவில்லை, கெஞ்சிச் சொன்னா. மாமி கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரத்தில் கண் இருண்டது. பாவமாகவும் இருந்தது.

உன் பிள்ளை. நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படிச் சொல்கிறேன். ஒன்று என்றால் ஒன்று. ஆனால் ஒன்று என்று சொல்லிவிட்டு உன்னால் சும்மா இருக்க முடியுமா என்று யோசித்துப் பார்.

பால் வருகிறதா? கட்டினால் சுடுதண்ணி ஒத்தடம் பிடி. வெட்கப்படாமல் நேர்ஸ்மாரைக் கேள்.

ஜெசிக்கா


யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி
6 ஜனவரி 2025

மச்சாள்,

பெட்டியை விட்டு வெளியில வந்திட்டாள். நெஞ்சில சீலையால கட்டி வைச்சிருக்கச் சொல்லியிருக்கினம், குட்டி போட்ட குரங்கு மாதிரித் திரியிறன். எழுதிற கையும் அவளில படாமல் எழுதவேணும். கோணினாக் குறை நினைக்காதேங்கோ. அவளுக்குப் பால் காணும். நீங்கள் அனுப்பின பூண்டுக் குழம்பு வார்ட்டு முழுக்க மணந்தது.

ரெண்டு எண்டு சொல்லுங்கோ. கேக்கிற ஆக்களுக்கு, கேக்காத ஆக்களுக்கு, எல்லாருக்கும். அம்மாவுக்கும் நான் சொல்லியிட்டன். இஞ்ச வந்து ஒரு கிழமை நிண்டவ. "ஒண்டு எண்டு சொன்னா அவனை நான் வயித்தில வைச்சிருந்ததே பொய்யாப்போயிடும் அம்மா" எண்டன். என்ர தலையை இழுத்து வைச்சுப் பின்னினவ. தலை நோகிற அளவுக்கு இறுக்கிப் பின்னினவ. சம்மதமோ கோவமோ எனக்குத் தெரியாது.

உங்களில கோவம் இன்னும் கிடக்கு. அது போகட்டும் எண்டு காத்துக்கொண்டிருந்தா உங்களுக்கு ஒரு காலமும் எழுத ஏலாது, அதால எழுதுறன்.

எங்கட வாடிக்கு மூண்டாவது கொட்டில் நிஷாந்தியை உங்களுக்குத் தெரியாது. மலைநாட்டில இருந்து வந்து பெரியமடுப் பக்கம் குடியிருந்த சனம், கருவாட்டு வேலைக்கு வந்தவை. அவளும் பிள்ளைத்தாச்சி, எனக்கு ரெண்டு மாசம் பின்னால. கருவாட்டுப் பரணுக்குப் பின்னால போய் ரெண்டு பேரும் சேந்து குமட்டிச் சத்தி எடுத்தனாங்கள். என்னைப் பாத்து அவளும் பதியேல்ல. "அஞ்சலா அக்காவே போகேல்ல, நமக்கு என்னா?" எண்டு அவளின்ர மாமியார் கேட்டவவாம்.

அவளிட்டக் கேக்கேல்ல. கடிதமும் எழுதேல்ல. வார்ட்டில இருந்து நேர றுமைஸா மிஸ்ஸுக்கு எடுத்துச் சொல்லிப்போட்டன்.

நேற்று அந்த மாமியார் எனக்குப் போன் எடுத்தவ. "எங்க வீட்டு விசயத்துல ஒனக்கு என்னாடி வேலை? ஒன் புள்ளைய நீ பாத்த லட்சணம் தெரியாதா?" எண்டு தொடங்கினவ. போனை வைக்கேல்ல. அவ பேசி முடிய மட்டும் பிள்ளையைத் தடவிக்கொண்டு இருந்தன். அவ மூச்சு எடுக்க நிப்பாட்டின இடத்தில, "பிறஷர் எவ்வளவாம்?" எண்டு கேட்டன்.

"நூத்திப்பத்துக்கு எழுவதாம்" எண்டு சொல்லிப்போட்டு, விட்ட இடத்தில இருந்து திரும்ப ஏசத் தொடங்கினவ.

அஞ்சலா